கேள்வியும் பதிலும்: மருத்துவர்கள் ஏன் கடல் கடக்கிறார்கள்?

மருத்துவர்கள் வெளிநாடு செல்வதைப் பற்றி அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால், அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

கேள்வி: இங்கே படித்த மருத்துவர்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போவது பணத்தாசையால்தான் என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
— வாசகர், திருச்சி

பதில்: பணம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் போகிறவர்கள் யார் என்று பார்த்தால், அதற்கு முன்னே நிற்கும் வேறொரு காரணம் தெரியவரும். பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜன் காலத்தையும் கடந்து, இன்னும் முப்பது வயதை எட்டாத இளைஞர்களே போகிறார்கள். அவர்கள் முதலில் தேடிப் போவது பட்ட மேற்படிப்புக்கான இடத்தை.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். என்பது இன்று பாதிப் படிப்பாகவே கருதப்படுகிறது. பெண் பார்க்க வரும் வீட்டார்கூட, "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா, மேலே என்ன?" என்று கேட்கிறார்கள். அந்த "மேலே" என்பதற்கான நீட் பட்ட மேற்படிப்புத் தேர்வை 2024-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். இடங்களோ அந்த எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவு. பொது மருத்துவம், கதிரியக்கவியல், குழந்தை மருத்துவம், தோல் மருத்துவம் போன்ற துறைகளில் அரசுக் கல்லூரி இடம் கிடைப்பது மிகக் கடினம். தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர வேண்டுமென்றால், நடுத்தரக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத தொகையைக் கட்ட வேண்டும். ஆகவே இரண்டு, மூன்று ஆண்டுகள் பயிற்சி மையங்களில் அமர்ந்து, பார்த்த நோயாளிகளை மறந்து, வினாத்தாள்களை மட்டுமே பார்த்துக் காலம் கழிக்கும் மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பிரிட்டனில் சிறப்புப் பயிற்சி என்பது ஊதியத்துடன் கூடிய ஒரு வேலை. அமெரிக்காவில் ரெசிடென்சி எனப்படும் மேற்பயிற்சியும் அத்தகையதே. ஒரே நாளில் எழுதிய ஒரே தேர்வின் தரவரிசையால் வாழ்நாள் முழுவதும் எந்தத் துறையில் இருப்பது என்று முடிவாகிவிடாத ஓர் அமைப்பை அந்த இளைஞர்கள் நாடினால், அதை ஆசை என்று மட்டும் சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்ததுதான் ஊதியம். தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் 2009-ஆம் ஆண்டின் அரசாணை 354-ஐ முன்வைத்துக் காலமுறை ஊதிய உயர்வு கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். 2019 அக்டோபரில் அது மாநிலம் தழுவிய வேலைநிறுத்தமாகவே வெடித்தது. தனியார் மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் இளம் எம்.பி.பி.எஸ். மருத்துவரின் சம்பளம், அவருடன் பள்ளியில் படித்துப் பொறியியல் பக்கம் போனவரின் சம்பளத்தைவிடப் பல நேரங்களில் குறைவு. கல்லூரிகள் பெருகி, பணியிடங்கள் அதே வேகத்தில் பெருகாததன் விளைவு இது.

மூன்றாவது காரணம் பாதுகாப்பு. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பணியிலிருந்த பெண் மருத்துவர் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் சென்னை கிண்டியிலுள்ள அரசு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுப்பதற்கென்று தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பதை அறிந்தவர்கள் மருத்துவர்கள் மட்டும்தானோ என்று சில நேரங்களில் எண்ணத் தோன்றுகிறது.

கேள்வி: நான் வசிக்கும் நகரில் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த மருத்துவர் ஒருவர் இருக்கிறார். இவர்கள் தாமாக வந்தவர்களா, அழைக்கப்பட்டவர்களா?
— வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: தாமாக வந்தவர்கள் என்ற கதையே இங்கு அதிகம் சொல்லப்படுகிறது. ஆனால் அவர்களுக்கான வெற்றிடத்தை உண்டாக்கியது பிரிட்டனே.

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. எல்லாருக்கும் இலவச சிகிச்சை என்றவுடன் மருத்துவர் தேவை உயர்ந்தது. அப்படியிருந்தும், 1957-இல் அரசு அமைத்த வில்லிங்க் குழு, மருத்துவர்கள் தேவைக்கு மேல் பெருகிவிடுவார்கள் என்று கணித்து, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைக்கப் பரிந்துரைத்தது. கணிப்பு பொய்த்தது. அதே காலத்தில் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பலர் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1961-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் பேசிய கோஹன் பிரபு, இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இளம் மருத்துவர்கள் பெருமளவில் வந்திராவிட்டால் சுகாதார சேவையே சரிந்திருக்கும் என்ற பொருளில் சொன்னார். அவரும் ஒரு மருத்துவரே.

வந்தவர்களுக்குப் பாதை ஏற்கனவே போடப்பட்டிருந்தது. 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியும், 1870-இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரியும் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தின் வார்ப்பில் உருவானவை. பாடநூல்களும் ஆங்கிலத்தில், தேர்வு முறையும் அங்குள்ளதே. சென்னையில் படித்தவருக்கு கிளாஸ்கோவின் மருத்துவமனை வார்டில் அந்நியமாக இருந்தது குளிர் ஒன்றுதான் என்று சொல்லலாம். அறுவை மருத்துவத்துக்கான எப்.ஆர்.சி.எஸ்., பொது மருத்துவத்துக்கான எம்.ஆர்.சி.பி. என்ற பிரிட்டிஷ் மேற்பட்டங்களைப் பெற்று ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தில்தான் பலர் சென்றார்கள். ஆனால் லண்டனின் பெயர்பெற்ற மருத்துவமனைகளில் பெருமைக்குரிய துறைகள் உள்ளூர்க்காரர்களுக்கே போய்ச் சேர்ந்தன. உள்ளூர் மருத்துவர்கள் விரும்பாத முதியோர் மருத்துவமும் மனநல மருத்துவமும், தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளிலும் தொழிலாளர் நகரங்களிலும் இருந்த குடும்ப மருத்துவர் பணிகளும் வந்தவர்களுக்குக் கிடைத்தன. இன்று பிரிட்டனில் முதியோர் மருத்துவம் மதிப்புமிக்க துறையாக வளர்ந்து நிற்கிறதென்றால், அதில் தெற்காசிய மருத்துவர்களின் பங்கு பெரிது.

தேவை தணிந்தபோதெல்லாம் விதி மாறியது. 1975-இல் இந்தியப் பட்டங்களுக்கு இருந்த நேரடி அங்கீகாரம் நீங்கி, தகுதித் தேர்வு வந்தது. அதுவே இன்றைய பிளாப் தேர்வின் தொடக்கம். 2006-இல், பணி அனுமதி இல்லாமலே பயிற்சி பெறலாம் என்ற சலுகை திடீரென நீக்கப்பட்டு, ஏற்கனவே அங்கே வந்து சேர்ந்திருந்த இந்திய மருத்துவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்; அவர்களுடைய சங்கம் வழக்குத் தொடுத்து, 2008-இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகளிடம் வென்றது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1965-இல் முதியோருக்கும் ஏழைகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடு வந்தது. அதே ஆண்டில் ஆசியர்களுக்குப் பூட்டியிருந்த குடியேற்றச் சட்டமும் தளர்ந்தது. 1976-இல் மீண்டும் இறுக்கினார்கள். ஜே-1 என்ற பயிற்சி விசாவில் செல்லும் மருத்துவர் பயிற்சிக்குப் பின் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் மருத்துவர் இல்லாத அமெரிக்கப் பகுதிகளில் மூன்றாண்டுகள் வேலை செய்ய ஒப்புக்கொண்டால், மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் வரை அந்த விதியிலிருந்து விலக்குப் பெறலாம். மடையின் கதவு மேட்டு வயல்காரன் கையில் இருப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதைத் திறப்பதும் மூடுவதும் பள்ளத்து வயல்காரன்தான்.

கேள்வி: 2022-க்குப் பிறகு எங்கள் வைத்தியசாலைகளில் விசேட வைத்திய நிபுணர்களே இல்லாத நிலை வந்துவிட்டது. இலவசக் கல்வியில் படித்துவிட்டு நாட்டை விட்டு ஓடியவர்களைத் துரோகிகள் என்று சொல்வது தவறா?
— வாசகி, வவுனியா

பதில்: தங்கள் கோபத்தின் நியாயம் புரிகிறது. மாவட்ட வைத்தியசாலை ஒன்றிலிருந்து மயக்க மருந்து நிபுணர் ஒருவர் போய்விட்டால், அங்கே அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தும் பயனில்லை. மகப்பேற்று நிபுணர் இருந்தும் சிசேரியன் செய்ய முடியாது. 2023-இல் வைத்தியர்கள் வெளிநாடு சென்றதால் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில் குழந்தைகள் சிகிச்சை வார்டு ஒன்றை மூட வேண்டிவந்ததாகச் செய்தி வந்ததும் நினைவிருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இழப்பின் அளவு விளங்காது. போனவர் எந்த இடத்தில் நின்றவர் என்பதைப் பார்க்க வேண்டும்.

இருந்தாலும், அந்த வைத்தியர்களின் பக்கத்தையும் வைத்துப் பார்ப்போம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 இலங்கை ரூபாயாக இருந்த மதிப்பு, மே மாதத்துக்குள் 360 ரூபாய் அளவுக்குச் சரிந்தது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டைத் தொட்டது. வைத்தியசாலையில் மருந்தில்லை, வைத்தியசாலைக்கு வருவதற்கு எரிபொருளுமில்லை. 2023 ஜனவரியில் வருமான வரியின் உச்ச வீதம் 36 விழுக்காடாக உயர்ந்தபோது, விசேட நிபுணர்களின் கையில் மிஞ்சிய தொகை மேலும் சுருங்கியது. இதே அரசுதான் 2022-இல், அரச ஊழியர்கள் ஐந்தாண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாட்டில் வேலை செய்யலாம் என்று சுற்றறிக்கை விட்டது. அவர்கள் அனுப்பும் டாலரை நாடு எதிர்பார்த்தது. டாலர் அனுப்புங்கள் என்று வழியனுப்பிவிட்டுப் பிறகு துரோகி என்பது முறையாகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கையில் விசேட நிபுணராக அங்கீகாரம் பெற விரும்புகிறவர் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் கீழ் பயின்று, தம் பயிற்சியின் ஒரு பகுதியை வெளிநாட்டில் முடிக்க வேண்டும் என்பது நீண்டகால நடைமுறை. திறமையை உலகத் தரத்துக்கு உயர்த்துவதற்காக ஏற்படுத்தப்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் நாட்டின் மிகச் சிறந்த மருத்துவரை அவருடைய தொழில் வாழ்வின் மிக முக்கியமான கட்டத்தில் லண்டனிலோ மெல்போர்னிலோ கொண்டுபோய் அமர்த்தி, அங்கே அவருக்குப் பழக்கமும் பரிந்துரைக் கடிதமும் கிடைக்கச் செய்வதும் அதே ஏற்பாடுதான். நல்ல காலத்தில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். நெருக்கடிக் காலத்தில் அதே வழி ஒருவழிப் பாதையானது.

வடக்கிலிருந்து எழுதும் தங்களுக்கு நான் ஒன்றை நினைவூட்டத் தேவையில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் 1978-இல் தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில் 1983 கலவரம். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளேயே மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். லிவர்பூலில் மேற்படிப்பு முடித்தபின் யாழ்ப்பாணத்துக்கே திரும்பி உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை ஏற்ற ரஜனி திராணகம 1989 செப்டம்பரில் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுகளில் புறப்பட்டவர்கள் உயிரைக் காத்துக்கொள்ளப் போனவர்கள். அவர்களையும் 2023-இல் போனவர்களையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது. 2023-இல் போனவர்களைக்கூடத் துரோகி என்ற சொல்லால் நான் அழைக்க மாட்டேன்.

கேள்வி: மக்கள் வரிப்பணத்தில் படித்தவர்கள் குறிப்பிட்ட காலம் வெளிநாடு செல்லத் தடை விதித்தால் என்ன?
— வாசகர், புதுக்கோட்டை

பதில்: தடை கூடாது; கடமை இருக்கலாம். இரண்டும் வேறு. எந்த நாட்டையும் விட்டுச் செல்லும் உரிமை மனிதருக்கு உண்டு என்று 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் சொல்கிறது. மருத்துவர் என்பதற்காக அந்த உரிமை ஒருவருக்குக் குறைவதில்லை. அதே வேளை, ஆண்டுக்குச் சில ஆயிரங்கள் கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் படித்தவர் மக்களுக்குக் கடன்பட்டவர் என்பதும் உண்மை. அந்தக் கடனைத் தீர்க்கவே ஒப்பந்தப் பத்திரம் என்ற முறை இருக்கிறது: அரசுக் கல்லூரியில் பட்ட மேற்படிப்பு முடிப்பவர் குறிப்பிட்ட காலம் அரசுப் பணி செய்ய வேண்டும், தவறினால் லட்சக்கணக்கில் ஈடு கட்ட வேண்டும். இதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய அரசு, உரிய காலத்தில் பணியிடம் தராமல், சான்றிதழ்களை மட்டும் பிடித்துவைத்துக்கொள்வதால் நீதிமன்றம் வரை போன வழக்குகள் தமிழ்நாட்டில் உண்டு. வேலையும் தராமல், போகவும் விடாமல் வைத்திருப்பதால் எந்த நோயாளிக்கும் பயன் இல்லை.

இந்தக் கணக்கில் நாம் எப்போதும் மறந்துவிடும் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. படித்து முடித்த மருத்துவரைச் செலவில்லாமல் பெற்றுக்கொள்ளும் நாடு அது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டது. மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை மிகுந்த நாடுகளில் தீவிர ஆள்சேர்ப்பு நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். 2023-இல் அத்தகைய 55 நாடுகளின் பட்டியலையும் வெளியிட்டது. நைஜீரியா, கானா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் முதலியவை அதில் உள்ளன. ஆனால் அந்த நெறி யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. முகவர்களை அனுப்பி ஆள் சேர்க்கக் கூடாது என்றுதான் அது சொல்கிறதே தவிர, தாமாக விண்ணப்பிப்பவரைத் தடுக்கச் சொல்லவில்லை. இணையத்தில் விளம்பரம் ஒன்றே போதும் என்ற காலத்தில், இந்த வேறுபாட்டுக்குப் பெரிய பொருளில்லை. பெறும் நாடு, தான் பெற்ற ஒவ்வொரு மருத்துவருக்கும் ஈடாக, அனுப்பும் நாட்டின் கல்லூரிகளுக்குப் பணமாகவோ ஆசிரியர்களாகவோ திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை வெகுகாலமாக இருக்கிறது. அது நியாயமான கோரிக்கை.

கேள்வி: மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தால் யாரும் வெளிநாடு போக மாட்டார்கள் அல்லவா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: இதே எண்ணத்தைச் செயலில் காட்டிய ஒருவர் இருந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். அப்படிக் கற்றவர்கள் அரசாங்க வேலை தேடி ஊரை விட்டுப் போவதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார்; உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம் பற்றிய நூல்களைத் தமிழாக்கும் பணியையும் நடத்தினார். மருத்துவர் தம் மக்களோடு தங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். மருத்துவர் இடம்பெயர்வு பற்றி நம் மண்ணில் எழுந்த முதல் கவலைகளுள் இதுவும் ஒன்றாகலாம்.

தமிழில் மருத்துவம் கற்பிப்பதற்கு நோயாளியின் நலன் என்ற வலுவான காரணம் உண்டு. அதற்காகவே அதை நான் விரும்புகிறேன். வெளிநாடு செல்வதைத் தடுக்கும் வேலி என்ற அளவில் அது பயன்படாது. ஜெர்மனியில் இன்று பணிபுரியும் வெளிநாட்டு மருத்துவர்களுள் முதலிடத்தில் இருப்பவர்கள் சிரியா நாட்டவர். சிரியாவில் மருத்துவத்தை அரபு மொழியில்தான் கற்பிக்கிறார்கள். போர் வந்தது, அவர்கள் ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

கேள்வி: போனவர்கள் யாராவது திரும்பி வந்ததுண்டா?
— வாசகி, மதுரை

பதில்: உண்டு. ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய கே.எம்.செரியன், 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்தார். இந்தியாவில் அதுவே முதலாவது என்று குறிப்பிடுவார்கள். அமெரிக்காவில் பணியாற்றித் திரும்பிய பிரதாப் ரெட்டி 1983-இல் சென்னையில் அப்பல்லோ மருத்துவமனையைத் தொடங்கினார். முதலாமவர் பொதுத்துறை மருத்துவமனையில் அறுவை செய்தார். இரண்டாமவர் கட்டண மருத்துவமனையை நிறுவினார். பின்னர் திரும்பியவர்களுள் பெரும்பாலோர் இரண்டாவது வழியையே பின்பற்றினார்கள்.

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டில் இருக்கிறாள். பிளாப் எழுதி இங்கிலாந்து போகப்போவதாகச் சொல்கிறாள். அனுப்பலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: முதலில் நிலவரத்தைச் சொல்கிறேன். ஆங்கிலத் திறனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மொத்தம் 7.5 மதிப்பெண் வேண்டும், அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வில் தேற வேண்டும். பிளாப் முதல் பகுதியைச் சென்னையிலேயே எழுதலாம். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் போயாக வேண்டும். தேர்வுக் கட்டணம், பயணம், தங்குமிடம், பதிவுக் கட்டணம் எல்லாம் பவுண்டில் கட்ட வேண்டியவை. இவை முடிந்தால் கிடைப்பது மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதி. வேலை அதற்குப் பிறகு தனியாகத் தேட வேண்டியது.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை பதிவு கிடைத்தால் வேலையும் கிடைத்துவிடும் என்ற நிலை இருந்தது. உங்கள் மகளுக்கு ஊக்கம் சொல்லும் சீனியர்கள் அந்தக் காலத்தில் போனவர்களாக இருக்கக்கூடும். இப்போது பிளாப் தேறியும் மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டு, அங்கே வாடகை கட்டிக் காத்திருப்போர் பலர். 2025-இல் சிறப்புப் பயிற்சிக்கான ஏறத்தாழ 10,000 இடங்களுக்கு 30,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் போட்டியிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் வெளியான பிரிட்டிஷ் அரசின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம், பயிற்சி இடங்களில் உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தரப்படும் என்று வெளிப்படையாகவே கூறியது. மேலே லெஸ்டர் வாசகருக்கு எழுதிய வரலாற்றில், கதவு மூடும் கட்டத்தில்தான் நாம் இப்போது இருக்கிறோம்.

ஆகவே மகளிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். வரிசையை மாற்றச் சொல்லுங்கள். ஹவுஸ் சர்ஜன் காலத்தை நன்றாகப் பயன்படுத்தட்டும். நீட் பட்ட மேற்படிப்புத் தேர்வை ஒருமுறையாவது முழு முயற்சியுடன் எழுதட்டும். பிளாப் முயற்சிக்கு வீட்டை அடகு வைக்க வேண்டிய நிலை இருந்தால், இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. சென்ற ஓராண்டுக்குள் அங்கே போன மருத்துவர் இருவரிடமாவது அவள் நேராகப் பேசட்டும்: ஒருவர் வேலை கிடைத்தவர், மற்றவர் இன்னும் தேடிக்கொண்டிருப்பவர். எந்தத் துறையில் சிறப்புப் பயிற்சி பெற விரும்புகிறாள் என்பதைத் தாங்கள் எழுதவில்லை. இதய மருத்துவத்துக்கும் மனநல மருத்துவத்துக்கும் குடும்ப மருத்துவத்துக்கும் இங்கேயும் அங்கேயும் உள்ள வாய்ப்புகள் வேறு வேறு. அதைத் தெரிவித்து மீண்டும் எழுதினால், அந்தத் துறையைப் பற்றி மட்டும் விரிவாக விடை தருகிறேன்.